இந்த வாரம் மௌனம் யாரிடம்

உப்பளத்துக்குப் போகும் ரோட்டில் ஒன்பது வருடம் பூட்டிக்கிடந்த ராஜகனி தியேட்டரை விடியல் ஆராதனை மையத்தார் வாடகைக்கு எடுத்து, கிழிந்த திரையை இறக்கி, மேடை போட்டு, எல்.இ.டி. திரை மாட்டி, டிக்கெட் கொடுத்த பொந்தில் ஜெப விண்ணப்பப் பெட்டி வைத்த வருடத்தில், லெந்து என்ற தவக்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது பாட்டின் நடுவே டிரம்ஸ் நின்று, கிட்டாரும் நின்று, இருநூற்று நாற்பது பேரின் குரல் மட்டும் மேலே எழும்பிப் போனபோது, போன குரல்கள் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி இறங்குகையில் புறப்பட்ட இடத்துக்கு வராமல், எந்தக் குரல் யார்மேல் விழுந்ததோ அது அவருடையது என்று ஆகிவிட்டது. பாஸ்டர் ரூபன் ஆமென் சொல்ல மைக்கைப் பிடித்தார், அந்த ஆமென் மீன் விற்கும் எலிசா அக்காவின் குரலில் வந்தது. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், வேறு மைக் வாங்கிப் பார்த்தார், பழுது மைக்கில் இல்லை என்று தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே குரலில் ஐம்பது நிமிடம் பிரசங்கம் பண்ணினார். கீபோர்டு வாசிக்கிற பையனின் குரல் வந்திருந்த எலிசா அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தன் குரல் இவ்வளவு நல்ல காரியங்களைச் சொல்லக்கூடியது என்று அன்றுதான் கேட்டாள்.

அடுத்த ஞாயிறும் குரல்கள் மாறின, அதற்கடுத்த ஞாயிறும் மாறின, இரண்டு மாதத்துக்குள் அதை அதிசயம் என்று சொல்ல ஊரில் ஆளில்லாமல் போய், அதிலுள்ள தொந்தரவுகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். போனை எடுத்ததும், அலோ, நான் ஆட்டோ ஜெபராஜ் பேசுதேன், இந்த வாரம் தெபோராள் டீச்சர் கொரல்ல, என்று சொல்லித் தொடங்குவது பழக்கமானது. ஞாயிறு மதியம் சோறு வடிப்பதற்குள் யார் குரல் யாரிடம் என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அடுத்தவர் குரலில் கெட்ட வார்த்தை பேசுவதில்லை, அடுத்தவர் குரலுக்கு ஐஸ் தண்ணீர் கொடுப்பதில்லை என்று யாரும் சட்டம் போடாமலே எல்லாரும் நடந்துகொண்டார்கள். வாரத்தின் நடுவே உடையவர்கள் தங்கள் குரலைப் பார்க்க வந்தார்கள், எப்படி இருக்கு என் கொரலு என்று வாசலில் நின்று கேட்டார்கள், நல்லா இருக்குக்கா, காலைல மட்டும் லேசா கட்டுது என்று பதில் வந்தது, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு மருமகளின் குரல் பக்கத்துத் தெரு வாலிபனிடம் போய்விட்ட வாரத்தில் மட்டும் அவளுடைய மாமியார் அந்த வாலிபன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஏழு நாளும் காவல் இருந்தாள்.

இப்படி எட்டு மாதம் ஓடியபின்தான் அருமைநாயகம் அந்தச் சபைக்கு வந்தார்.

அருமைநாயகம் முன்சீப் கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் டவாலியாக இருந்தவர். நீதிபதிக்கு முன்னால் நடந்துபோவதும், வழக்கு எடுக்கும்போது வராந்தாவில் நின்று வாதி பிரதிவாதி பெயரை மூன்று முறை கூப்பிடுவதும் அவர் வேலை. அவர் கூப்பிட்டால் கோர்ட்டு காம்பவுண்டுக்கு வெளியே புளியமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவான். ஓய்வு பெற்ற மறு வருடம் தொண்டையில் கட்டி வந்தது, புற்று என்றார்கள், குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துவாரம் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் அந்தத் துவாரத்தால் மூச்சுவிட்டுக்கொண்டு, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்தார். கடைக்காரருக்கும் பேங்கில் இருப்பவருக்கும் எழுதிக் காட்டினார். வீட்டில் அதுவும் முடியாது. அவர் மனைவி சொர்ணபாய் எட்டு வயதிலிருந்து உப்பளத்தில் வேலை பார்த்தவள், எழுத்து தெரியாது. தண்ணீருக்கு ஒரு கைதட்டல், சோற்றுக்கு இரண்டு, வெளியே போவதற்கு மூன்று என்று அவர்களுடைய பேச்சு சுருங்கிவிட்டது.

சபைக்குப் போகலாம் என்று சொன்னது சொர்ணபாய்தான்.

“அங்க போனா கொரலு மாறுதாம். இருக்கவனுக்கு மாறுது. இல்லாதவனுக்கு என்ன செய்யும்னு தெரியல. போய்த்தான் பாப்பமே” என்றாள்.

அருமைநாயகம் பிறந்ததிலிருந்து பழைய கற்கோயில் சபைக்காரர். அங்கே உயரமான கூரையும் பைப் ஆர்கனும் உண்டு, ஜெபப்புத்தகத்தில் அச்சடித்தபடி குருவானவர் சொல்ல, சபையார் அச்சடித்தபடி பதில் சொல்வார்கள். ஆனால் பதில் சொல்லும் இடமெல்லாம் மூன்று வருடமாக அவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான்கு நாள் யோசித்து, ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மூன்று முறை கைதட்டினார்.

தியேட்டர் வாசலில் கறுப்பு பனியன் போட்ட பிள்ளைகள் கைகுலுக்கி அவர்களை உள்ளே கூட்டிப்போனார்கள். செருப்பைக் கழற்றவேண்டாம் என்றார்கள், அதுவே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நாற்காலியின் கையில் கூல்டிரிங்ஸ் வைக்கிற பழைய வளையம் அப்படியே இருந்தது, பக்கத்தில் இருந்தவர் அதில் பைபிளைச் செருகியிருந்தார். திரையில் ஐந்து நிமிடம் என்று போட்டு நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பூஜ்யம் வந்ததும் விளக்கு அணைந்தது, நீல வெளிச்சம் வந்தது, மேடையில் புகை வந்தது, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த டிரம்ஸ்காரர் அடித்த முதல் அடி அருமைநாயகத்தின் கழுத்துத் துவாரத்துக்குள் போய் வந்தது. பெனிட்டா என்ற பெண் பாட்டு நடத்தினாள். நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள், இருபத்து நான்கு வயது, அன்று அவளிடம் இருந்தது ஆட்டோ ஜெபராஜின் கரகரத்த குரல், ஆனாலும் அவள் கண்ணை மூடிப் பாடியபோது யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

அருமைநாயகம் கோர்ட்டுக்காரருடைய கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கற்கோயிலில் கடவுள் நீதிபதியைப் போல உயரத்தில் இருந்தார், அவருக்குப் போகிற மனு எழுத்தில் முறையாகப் போகவேண்டும். இங்கே மனுவும் இல்லை, வக்கீலும் இல்லை, ஜனங்கள் கைகளை மேலே தூக்கி, வீட்டில் இருக்கிற மனிதரோடு பேசுவதுபோலப் பேசினார்கள், பதில் வந்துவிட்டதுபோலச் சிரித்தார்கள், சிலர் பதில் கேட்டு அழுதார்கள். முழங்கால் போட யாரும் சொல்லவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். அவர் எண்ணினார். ஒன்பதாவது தடவை எரிச்சல் வந்தது. பன்னிரண்டாவதில் எண்ணுவதை விட்டுவிட்டார். அதற்குப்பின் எத்தனையாவது தடவையோ, டிரம்ஸ் நின்றது, கிட்டார் நின்றது, அவர் உதடுகள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்ததை அவரே அப்போதுதான் பார்த்தார். சொர்ணபாய் பாடவில்லை. திரையில் ஓடிய எழுத்து அவளுக்கு உதவவில்லை, பாட்டும் புதியது.

பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபின், அறிவிப்பு சொல்ல பெனிட்டா மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். அந்நேரம் கடைசி வரிசையிலிருந்து, தெளிவான, கொஞ்சம் மெல்லிய, எட்டு மாதமாக ஊரெல்லாம் சுற்றியும் அவளிடம் திரும்பாத அவளுடைய சொந்தக் குரல் கேட்டது.

“தண்ணி” என்றது அந்தக் குரல். “சொர்ணம், கொஞ்சம் தண்ணி.”

இருநூற்று நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொர்ணபாய் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தாள். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.

அன்று மதியம் பட்டியலைத் தயார் செய்தவர்கள் நெடுநேரம் பேசி, கடைசி வரியாக, மௌனம்: பெனிட்டா, என்று சேர்த்தார்கள். குரலில்லாதவர் கொண்டுவந்த மௌனமும் மற்றக் குரல்களோடு மேலே போய், மற்றக் குரல்களைப்போலவே ஒருவர்மேல் இறங்கிவிட்டது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் ரூபன் இரண்டு மூப்பர்களோடு அருமைநாயகம் வீட்டுக்கு வந்தார். அவரிடம் அந்த வாரம் தெபோராள் டீச்சர் குரல் இருந்ததால் பேச்சு கண்டிப்பாகவே கேட்டது, ஆனால் ஆள் தர்மசங்கடத்தில் நெளிந்துகொண்டிருந்தார்.

“ஐயா, தப்பா எடுத்துக்கிடாதிய. ஒங்களுக்குக் கொரலு வந்தது எங்களுக்கெல்லாம் சந்தோசம். ஆனா மௌனம் சபைக்குள்ள வந்துட்டு. அது யார் மேலயாவது விழுந்துக்கிட்டேதான் இருக்கும். அது ஒங்ககிட்டத் திரும்பி வாரவரைக்கும் நீங்க விடாம வரணும்.”

“வந்தப்பறம்?” என்று அருமைநாயகம் பெனிட்டாவின் குரலில் கேட்டார்.

பாஸ்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அப்பறம்... யூடியூப்ல நேரலை இருக்கு ஐயா.”

அருமைநாயகத்துக்கு இது நியாயமாகவே பட்டது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்கிறார்கள், இதைவிட மோசமான தீர்ப்புகளை அவர் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறார். சரி என்றார்.

குரல் வந்த நாளிலிருந்து அவர் பேசினார். பால்காரரிடம் பேசினார், கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரிடம் பேசினார், தினசரியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம்வரைக்கும் சத்தமாக வாசித்தார், சொர்ணம் சொர்ணம் என்று காரணமில்லாமல் நாற்பது தடவை கூப்பிட்டார், அவளும் நாற்பது தடவை என்னங்க என்றாள். புதன்கிழமை காலையில் பெனிட்டா தன் குரலைப் பார்க்க வந்தாள். அருமைநாயகம் அவளுக்குத் தினசரி வாசித்துக் காட்டினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செல்போனில் எதையோ எழுதி அவரிடம் நீட்டினாள். ‘எனக்கு என் குரல் தெரியும் அங்கிள். அது எதையோ சொல்லாமல் அடக்கி வைத்திருந்தால் இப்படித்தான் கேட்கும்’ என்று எழுதியிருந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். அவள் காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மதியம் சொர்ணபாய் பின்வாசலில் அரிவாள்மனையை வைத்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது அவர் போய் எதிரே உட்கார்ந்து அதைச் சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், சொர்ணபாயின் அண்ணன் ஆசீர்வாதத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடைபாதை வழக்கு நடந்தது. வழக்கு விசாரணைக்கு முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஆசீர்வாதம், என் தங்கச்சியக் கோர்ட்டு வாசல்ல கூவுறவனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கோம் என்று சொல்லிச் சிரித்தார், பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் வழக்கு எடுத்தார்கள். அருமைநாயகம் வராந்தாவுக்கு வந்தார். ஆசீர்வாதம் என்று மூன்று முறை கூப்பிட்டார். சட்டப்படி மூன்று முறைதான், ஒன்றுகூடக் குறைக்கவில்லை, ஆனால் தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பெயர் சொல்லிப் பார்ப்பவர்போலக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. ஆஜராகவில்லை என்று எழுதி, எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிட்டது.

“அவ்வளவுதான்” என்றார் அருமைநாயகம். “நான் சத்தமா கூப்பிட்டிருந்தா மச்சான் வந்திருப்பாவ.”

சொர்ணபாய் அடுத்த நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். அந்தத் தீர்ப்புக்குப்பின் பாதையை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். அவளுடைய அம்மா இறந்தபோது சவப்பெட்டியைக் கயிறு கட்டிச் சுவர்மேல் ஏற்றி இறக்கினார்கள். மறு வருடம் அண்ணன் வீட்டை விற்றுவிட்டுக் கோவில்பட்டிக்கு அந்தப்பக்கம் போய்விட்டார், அவளுக்கு நடந்துபோகிற தூரத்தில் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் ஆயிற்று.

மீனை ஆய்ந்து முடித்ததும் அவள் சொன்னாள், “இந்தக் கொரல்ல கேட்டா, சின்னப்பிள்ள ஒண்ணு தப்பு செஞ்சிட்டு வந்து சொல்லுத மாதிரி இருக்கு. கோவமே வரமாட்டேங்கு. அதுதான் எனக்குக் கோவமா இருக்கு.”

அதற்குப்பின் அவள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், கழுத்துத் துணியை மாற்றிக் கட்டினாள், ஞாயிற்றுக்கிழமை கூடவே சபைக்கும் வந்தாள், ஆனால் ஒரு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். குரலில்லாதவர் பேசுகிற வீட்டில் குரலிருக்கிறவள் பேசாமலிருந்தாள்.

சபையில் இரண்டாவது ஞாயிறு அவரைச் சுற்றி, சொர்ணபாயைத் தவிர, நான்கு வரிசை காலியாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்தால் மௌனம் ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அது தூரத்தைப் பார்க்கவில்லை, மேடைக்குப் போய் பாஸ்டர்மேல் விழுந்தது. பாஸ்டர் ரூபன் பைபிளைத் திறந்துவைத்து, வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து, பிறகு டிரம்ஸ்காரரின் ஸ்டூலை இழுத்துப்போட்டு மேடை நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஜனங்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது, பழைய கூரையில் புறா நடக்கிற சத்தம் கேட்டது, நாற்பது நிமிடத்துக்குப்பின் அவர் எழுந்து கையை உயர்த்தினார், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். இதுவரை கேட்டதிலேயே இதுதான் நல்ல பிரசங்கம் என்று சிலர் சொன்னதை அடுத்த வாரம் அவர் காதில் போடாமல் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு மௌனம் தெபோராள் டீச்சருக்கு வந்தது, நான்காவது ஆட்டோ ஜெபராஜுக்கு, ஐந்தாவது எலிசா அக்காவுக்கு. எலிசா அக்கா ஒரு வாரம் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு விலை சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள், பேரம் பேசியவர்கள் தாங்களே பேசித் தாங்களே தோற்று அவள் நினைத்ததற்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். மௌனம் வந்த வீட்டுக்கு ஆளுக்கொரு நாள் சாப்பாடு கொண்டுபோவது என்று பெண்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதும் தானாக வந்த பழக்கம். மௌனம் போனபின் அதைப் பெற்றிருந்தவர்கள் கொஞ்ச நாள் எதையோ வைத்துவிட்டு வந்தவர்கள்போல இருந்தார்கள். எனக்கு எப்ப வரும் என்று பாஸ்டரிடம் கேட்டவர்களும் உண்டு. அருமைநாயகத்தைச் சுற்றிக் காலியாகக் கிடந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. அருமைநாயகம் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும், இன்று மௌனம் தன்னிடம் திரும்பி வந்துவிடும் என்று எண்ணி ஒழுங்காகப் பாடினார். அது வரவில்லை.

ஆறாவது வாரம் சொர்ணபாய் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அண்ணன் ஊருக்குப் போனாள். இரண்டு நாள் இருந்து, நடந்ததையெல்லாம் சொல்லி, ஞாயிறு காலையில் நேராகத் தியேட்டருக்கே அவரைக் கூட்டிவந்தாள். ஆசீர்வாதத்துக்கு எழுபது தாண்டியிருந்தது, முழங்கால் வலிக்குக் கம்பு ஊன்றியிருந்தார். முன்பு பாப்கார்ன் விற்ற இடத்தில் இப்போது சபையார் காபி கொடுத்தார்கள், மூன்று பேரும் அங்கே நின்றார்கள். அருமைநாயகத்திடம் அந்த வாரம் இருந்தது பாஸ்டர் ரூபனின் சொந்தக் குரல்.

“மச்சான்” என்றார் அவர். “நான் செஞ்சது பாவம். மன்னிக்கணும்.”

ஜெபம் பண்ணுகிற தொனியுள்ள பாஸ்டரின் குரலில் அதைக் கேட்டதும் ஆசீர்வாதம் பழக்க தோஷத்தில் தலை குனிந்துவிட்டார். குனிந்தவர் நிமிரவில்லை. காபி டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நான் அன்னைக்குக் கோர்ட்டுக்கே வரல.”

அருமைநாயகம் அவரைப் பார்த்தார்.

“குறுக்கு விசாரணைன்னு வக்கீல் சொன்னாரு. கூண்டுல ஏத்தி அவன் கேப்பான், இவன் கேப்பான்னாரு. எனக்குக் கை காலு ஆடிப்போச்சு. பஸ்ஸவிட்டு எறங்குனேன், இங்க மார்னிங் ஷோ போட்டிருந்தான். உள்ள வந்து உக்காந்துட்டேன். ரெண்டு தடவ ஒரே படத்தப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி, கோர்ட்டுலதான் நின்னேன், பேரு கூப்பிட்டது காதுல விழலன்னு சொன்னேன்.” அவர் உள்ளே இருட்டாகத் தெரிந்த நாற்காலிகளைக் கம்பால் காட்டினார். “அந்தா, தூணுக்குப் பக்கத்துலதான்.”

“இருபத்தாறு வருசம்!” என்று அருமைநாயகம் கத்தினார். பாஸ்டரின் குரல் அந்தக் கட்டடத்துக்குப் பழகிய குரல், தியேட்டர் முழுக்கப் போய் முட்டியது, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அல்லேலூயா என்றார்கள். “இருபத்தாறு வருசமா ஒங்க பாதைய நான்தான் அடைச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்! தொண்டைல கட்டின்னு டாக்டர் சொன்னப்ப, சரிதான், எனக்கு இது வேணும்னு நெனச்சேன்! நீங்க படம் பாத்துக்கிட்டு இருந்திருக்கிய!”

“நீயும் மெதுவாத்தானே கூப்பிட்டிருக்க” என்றார் ஆசீர்வாதம்.

சொர்ணபாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் உள்ளே திரையில் நொடிகள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன, விளக்கு அணைந்தது. அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் உள்ளே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

அன்று மூன்றாவது பாட்டு எளிமையான பாட்டு, ஐந்தாறு வாரம் கேட்டதில் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. டிரம்ஸ் நின்றது, கிட்டார் நின்றது. சொர்ணபாய் எழுந்து நின்று பாடினாள். பாட்டில் இருந்தது ஒரு நன்றி வரிதான், அவள் அதைப் பாடியது ஏசுவதுபோல இருந்தது, உள்ளே கிடந்த அத்தனையையும் அதன்மேல் ஏற்றி அனுப்பினாள். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். எல்லாக் குரல்களும் கூரையைத் தொட்டன, எல்லாக் குரல்களும் இறங்கின.

மதியம் வந்த பட்டியலின் கடைசி வரியில், மௌனம்: சொர்ணபாய், என்று இருந்தது. அதற்கு மேல் வரியில், சொர்ணபாய் குரல்: அருமைநாயகம்.

ஆசீர்வாதத்துக்கு வந்தது பெனிட்டாவின் குரல். அவர் அதைக் கொண்டுபோக வெட்கப்பட்டு, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டார். முதல் நாள் முழுவதும் அருமைநாயகம் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக வெளியிலிருந்து கேட்ட குரலைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எதைப் பேசினாலும் அது அவள் சொன்னதாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சொர்ணபாய் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து, அண்ணனைப் பிடித்து இழுத்துச் சுவரோரமாக உட்காரவைத்தாள். புருஷனை அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். எதிரே நின்றாள். தன் உதட்டை ஒரு விரலால் தொட்டுக் காட்டி, பிறகு புருஷனின் உதட்டைக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது.

அவள் உதட்டை அசைத்தாள். அவர் அதைப் பார்த்துப் பார்த்து, அவளுடைய குரலில், சத்தமாகச் சொன்னார்.

“ஒரு ஆளு... கூப்பிட மாட்டாரு. ஒரு ஆளு வரமாட்டாரு.”

அவள் தலையசைத்தாள். மேலே சொன்னாள்.

“ரெண்டு பேருக்கும் ரோசம் பெருசு... பயம் பெருசு. எங்கம்மா பெட்டி... செவரு மேல ஏறுச்சு. கயிறு கட்டி... கயிறு கட்டி...”

அடுத்த சொல் அவருக்குப் பிடிபடவில்லை. ஊகித்து ஒரு சொல்லைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து மறுபடியும் சொன்னாள். அது அவர் சொன்னதைவிடக் கடுமையான சொல்லாக இருந்தது. அவர் அதைத் தன்னைப் பார்த்தே சொன்னார். சொன்னபோது குரல் உடைந்தது, அவருடைய குரல் அல்ல, அவளுடையது. பக்கத்தில் ஆசீர்வாதம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் துண்டைப் பிடுங்கிப் போட்டாள்.

அன்றைய சாப்பாட்டு முறை தெபோராள் டீச்சருடையது. அவள் தூக்குச்சட்டியோடு வாசலுக்கு வந்தவள், மௌனம் வந்த வீட்டுக்குள்ளிருந்து சொர்ணபாயின் குரல் தெருவரைக்கும் ஏசுவதைக் கேட்டு, கேட்டைத் திறக்காமல் நின்று, செல்போனில் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழேவரை மறுபடியும் வாசித்தாள். பிறகு தூக்குச்சட்டியைக் வாசல் தூணில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

உள்ளே உலை பொங்கி அடுப்பு அணைந்தது. யாரும் எழுந்துபோகவில்லை. சொர்ணபாய் இருபத்தாறு வருடத்தை வருடம் வருடமாக எடுத்தாள், தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் போகமுடியாத வீட்டைச் சொன்னாள், பேசாமல் கிடந்த மூன்று வருடத்தில் அவருடைய கைதட்டலுக்கு ஓடி ஓடி வந்ததைச் சொன்னாள், அவர் ஒரு சொல்லையும் விடாமல், குறைக்காமல், வராந்தாவில் நின்று கூப்பிட்ட காலத்தில்கூட இல்லாத கவனத்தோடு அவள் வாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது. ஓர் இடத்தில் அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள், முடிந்துவிட்டது என்று ஆசீர்வாதம் கம்பைத் தேடினார். அவள் கையை நீட்டி அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்து, மீதியைப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் தொண்டையை நனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அடுத்ததைத் தொடங்கினாள்.